வாக்கர் என்னும் நம் பெயர்

மகனே தானியேல்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பத்து பகாட் ஊரில் மழை விடவில்லை என்றும், நிலம் அளக்கப் போகிற இடமெல்லாம் அட்டைக்கடி என்றும் எழுதியிருந்தாய். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு போ. உன் அப்பா இருந்த காலத்தில் தோட்டத்தில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல, கல்யாண அழைப்பிதழில் 'தானியேல் வாக்கர்' என்று போடாமல் 'தானியேல் அம்பலவாணர்' என்று போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். பெண்ணின் தகப்பனார் பொன்னையா அதைத்தான் விரும்புகிறார் என்றும், தமிழனுக்கு எதற்கு வெள்ளைக்காரன் பெயர் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அம்பலவாணர் என்னுடைய தகப்பனார். நீ அவர் பெயரைக் கேட்டதில் எனக்குக் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் நீ விடப்போகிற பெயர் எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு பிறகு விடு, அல்லது வைத்துக்கொள். அதற்காகத்தான் இந்த நீண்ட கடிதம்.

உன் அப்பாவைப் பெற்றவர் யாழ்ப்பாணத்தில் ஊருக்குத் துணி வெளுத்தவர்களின் வீட்டில் பிறந்தார். இதை நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை. நீ கேட்கவும் இல்லை. மிஷன் பள்ளி விடுதியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கக் கடலுக்கு அப்பால் இருந்து யாராவது உதவுவார்கள். உதவியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவது வழக்கம். உன் தாத்தாவுக்கு உதவியவர் பெயர் வாக்கர். அந்த மனிதர் கிழவரா இளைஞரா, என்ன தொழில் செய்தார், கறுப்பா சிவப்பா என்று இவர் கடைசிவரை அறியவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த அன்று பாதிரியார் அந்தப் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார், அந்தப் பெயரோடுதான் செத்தார்.

நான் நிலபுலம் உள்ள வீட்டில் பிறந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை படித்தேன். அதே ஆஸ்பத்திரியில் உன் அப்பா மருந்து கட்டும் வேலை படித்தார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது என் வீட்டார் யாரும் வரவில்லை. என் தகப்பனார் சாகும்போது எனக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. இதை நான் குறையாக எழுதவில்லை. நடந்தது இது. பெரிய போர் தொடங்கிய வருஷம், நீ தவழ்ந்துகொண்டிருந்தபோது, கடலுக்கு இப்பால், சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் உன் அப்பாவுக்கு மருந்து கட்டும் டிரசர் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்களுக்கு வீடு. இந்த நாட்டில் எங்களை யாரும் எந்தப் பகுதி, என்ன சாதி என்று கேட்கவில்லை. வாக்கர் என்று கேட்டதும் கிறிஸ்தவ வேதக்காரர் என்று நினைத்துக்கொண்டு அதோடு விட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அதன் பொருள் எங்களுக்குத் தெரியும் என்றும் நினைத்திருந்தோம். வாக்கர் என்றால் நடப்பவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம், காடு காடாக நடந்தே உன் அப்பாவின் செருப்புத் தேய்ந்தது. "பேருக்கேத்த வேலை" என்று அவரே சிரிப்பார்.

நீ ஜொகூர் பாரு பள்ளி விடுதிக்குப் போன பிறகு தோட்டத்துக்குப் புது மானேஜராக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவர் பெயரும் வாக்கர். வந்த மறுநாள் காலை, கணக்கு எழுதும் பெரிய கிராணி ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தபோது, "டிரசர் சாமுவேல் வாக்கர்" என்றதும் துரை யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டதாம். அடுத்த சில வாரங்களில் சங்கடம் வளர்ந்தது. தொழிலாளர்கள் ஒருவரைப் பெரிய வாக்கர் என்றும் மற்றவரைச் சின்ன வாக்கர் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து துரைக்கு வந்த ஒரு பெட்டியைத் தபால்காரன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனான். சிகாமட் கிளப்பில் மற்ற துரைமார், "உன் சொந்தக்காரன் நல்ல கொயினா மருந்து கொடுக்கிறானாமே" என்று கேலி செய்தார்கள். ஒரு நாள் அவர் உன் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பெயர் உனக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்.

"என் தகப்பனிடமிருந்து, சார்."

"அவனுக்கு?"

"பாதிரியார் வைத்தார்."

"பாதிரியாருக்கு அது சொந்தமில்லை, கொடுப்பதற்கு. ஒரு தோட்டத்தில் இரண்டு வாக்கர் இருக்க முடியாது. இந்த மாத முடிவுக்குள் நீ வெறும் சாமுவேல் ஆகிவிடு. இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்."

சான்றிதழில் உள்ள பெயரில்தான் நான் கையெழுத்துப் போட முடியும் என்று உன் அப்பா சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. புதிதாகக் கோழி வாங்கி விட்டிருந்தேன், தோட்டத்து வேலை நிம்மதியான வேலை, நீ படித்துக்கொண்டிருந்தாய்.

"பேர்தானே, மாத்தினா என்ன? வீட்டுக்குள்ள நான் உங்களைப் பேர் சொல்லியா கூப்பிடுறன்?" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "என்ர ஐயாவை ஊரில ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னப் பொடியன்கூட 'டேய்' எண்டுதான் கூப்பிடுவான். விடுதியில முதல் நாள் வாத்தியார் 'வாக்கர்' எண்டு கூப்பிட, வேற ஆரையோ கூப்பிடுறார் எண்டு ஐயா பின்னால திரும்பிப் பார்த்தவராம். அவரை ஒரு மனுசனாக் கூப்பிட்ட முதல் பேர் அதுதான். இந்த வெள்ளையனுக்குப் பிடிக்கேல்லை எண்டு நான் அதை விடுறதோ?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது குறைவு. மறுநாள் பாத்திரங்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

அந்த மாதம்தான் ஆறு பெருகியது. சிகாமட்டில் கடைகளின் கூரை மட்டும் தெரிந்தது என்றார்கள். ரயில் பாதை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. தோட்டம் மேட்டில் இருந்ததால் நாங்கள் தப்பினோம். ஆனால் ஊருக்குப் போகிற சாலை ஓர் ஏரியாகக் கிடந்தது. துரையின் மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குச் சிங்கப்பூருக்குப் போவதாக இருந்தவள், தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தாள். பிள்ளை காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலை, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாரிமுத்துக் கங்காணி ஓடிவந்தார்.

"அம்மா, தொரசானிக்கு வலி வந்திருச்சும்மா. டாக்டரு வர வழியே இல்ல. தொர உங்கள கையோட கூட்டியாரச் சொன்னாரு."

"துரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவர்?" என்று உன் அப்பா கேட்டார்.

கங்காணிக்கு அது புரியவில்லை. "டெஸரு சம்சாரத்தக் கூட்டியான்னாங்கய்யா," என்றார்.

உன் அப்பா என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "நீ போ. அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்றார். எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்ன மனிதரின் பங்களாவுக்கு நான் அப்படித்தான் போனேன். பெரிய மனசோடு போனேன் என்று நீ நினைக்க வேண்டாம். வலி வந்த வீட்டுக்குப் போவது என் வேலை.

பிள்ளை காலை முன்னால் நீட்டிக்கொண்டு இருந்தது. அது எப்படிப்பட்ட ஆபத்து என்று உனக்கு விவரிக்க மாட்டேன், நீ கல்யாணம் செய்யப்போகிறவன். துரை வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். ஒருமுறை கதவைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்தார். "வெளியே இருங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இருந்தார். மத்தியானம் கழிந்து பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாய்ந்து, சத்தமே இல்லாமல் பிறந்தது. வாயில் விரலை விட்டு வழித்து, முதுகைத் தேய்த்தேன். அது கத்திய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். துரைசானிக்கு இரத்தப்போக்கு அதிகமாக இருந்ததால் என்னால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. தண்ணீர் வடிந்து டாக்டர் வரும்வரை பங்களாவிலேயே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவள் கேட்டாள்: "இத்தனை நேரம் என் உயிரைக் கையில் வைத்திருந்தாய். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது."

"மிஸஸ் வாக்கர்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. "அடக் கடவுளே, நீதான் அந்த இன்னொருத்தியா?" என்றாள். பிறகு, "கேள், நானும் பிறக்கும்போது வாக்கர் இல்லை. நான் ஸ்மித். இரும்படிக்கிறவன் என்று அர்த்தம். கொல்லன் வீட்டிலிருந்து துணி மிதிக்கிறவன் வீட்டுக்கு வந்தேன்," என்றாள்.

"துணி மிதிக்கிறவனா? நடக்கிறவன் இல்லையா?"

அவள் தகப்பனார் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாராம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றுக்கும் வேர் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்காம். படுத்தபடியே எனக்கு விளக்கினாள். அவர்கள் நாட்டில் கம்பளித் துணியை நெய்து இறக்கியதும் அது எண்ணெய்ப் பிசுக்கோடும் இழை விலகியும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, ஒரு வகைக் களிமண்ணும் புளித்த மூத்திரமும் ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க அழுக்கு போய்த் துணி இறுகும். துணியின்மேல் நடப்பதால் அவனுக்கு வாக்கர் என்று பெயர். தெற்கே அதே தொழில்காரனை ஃபுல்லர் என்பார்கள், தென்மேற்கே டக்கர் என்பார்கள். வடக்கே வாக்கர். ஒரு கிராமத்தில் நிறைய ஜான்கள் இருந்தால் எந்த ஜான் என்று தெரிய வேண்டுமே. ரொட்டி சுடுகிற ஜான், துணி மிதிக்கிற ஜான் என்று சொல்லிச் சொல்லி அதுவே பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த வேலையைத் தண்ணீரில் ஓடும் ஆலை எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் நின்றது.

"அப்படியானால் நிறைய வாக்கர்கள் இருப்பார்களோ?" என்று கேட்டேன்.

"எங்கள் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு வாக்கர் மேல்தான் விழும். கசாப்புக்காரன் வாக்கர், நீதிபதி வாக்கர், ஜெயிலில் இருப்பவனும் வாக்கர். கம்பளி நெய்த ஊரில் எல்லாம் மிதிக்க ஆள் வேண்டியிருந்ததே."

"அந்த நீதிபதியைப் பார்த்து, உன் பாட்டன் மூத்திரத் தொட்டியில் நின்றவன் என்று யாரும் சொல்ல மாட்டார்களா?"

அவள் என் கேள்வியை யோசித்தாள். "எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அவரும் சிரிப்பார்," என்றாள். பிறகு, "என் கணவர் சிரிக்க மாட்டார். அவர் அப்பா தம் பிள்ளைகளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை," என்றாள்.

அன்று மாலை துரை தேநீர்க் கோப்பையோடு அறைக்குள் வந்தார். அவள் விடவில்லை. "மிஸஸ் வாக்கருக்கு உங்கள் முன்னோர் எப்படித் துணி மிதித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்," என்றாள். அவர் காதுவரை சிவந்து என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்குத் திரும்பி உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். தொட்டியை, களிமண்ணை, மிதித்த கால்களை எல்லாம் மறுபடியும் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அவர் தகப்பனின் வீட்டார் உவர்மண் போட்டுத் துவைத்ததை அவர் சிறுவயதில் கேட்டறிந்திருக்கிறார். "அப்ப அங்கயும் எங்களை மாதிரி வெளுக்கிற ஆக்கள் இருந்தவையோ?" என்றார். சரியாகச் சொன்னால் அது வெளுப்பது இல்லை, புதுத் துணியைப் பதப்படுத்துவது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அவையின்ர பிள்ளை துரையா வந்து நிக்கிறான். அவனை என்ன சாதி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார். பிறகு சத்தமில்லாமல் அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நீ இதில் தெய்வச்செயல் எதையும் தேட வேண்டாம். பெயர் வைத்த பாதிரியாருக்கு அதன் பொருள் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் உன் தாத்தாவின் குலத்தை நினைத்து வைத்திருக்க மாட்டார். தற்செயலாக அமைந்தது. எனக்கு வியப்பாக இருந்தது பொருள் அல்ல. வெள்ளைக்காரர்கள் தொழிலின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு திரிகிறார்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. நாங்கள் அதை மறைத்துக் கடல் தாண்டி வந்தும், எப்போது யார் படித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தோம். ஆனாலும் அவர்களை நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உன் அப்பாவை வீட்டைவிட்டுப் போகச் சொன்னதும் அவர்களில் ஒருவர்தான்.

மாத முடிவு வந்தது, போனது. துரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. உன் அப்பாவை அதன்பிறகு 'டிரசர்' என்று மட்டும் கூப்பிட்டார். நான் பெட்டியில் அடுக்கிய பாத்திரங்களை மறுபடி எடுத்து வைத்தேன். அடுத்த ஆண்டு இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் உன் அப்பா தாமாகவே விலகிவந்தார். துரைசானி மட்டும் ரயிலடிவரை வந்து, குழந்தையைத் தூக்கி என்னிடம் காட்டி, "போய் வாருங்கள், மிஸஸ் வாக்கர்," என்று பிளாட்பாரத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். அவளுக்கு நான் எந்தப் பெயரைச் சொல்லி விடைகொடுப்பது என்று தெரியாமல் அதே பெயரையே சொன்னேன்.

இனி உன் விஷயம். உன் கடிதம் வந்த பிறகு நான் பொன்னையா வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனேன், போகத்தான் வேண்டும் என்று பட்டது. அவரும் அவர் மனைவியும் முன்னறையில் உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "தானியேலின்ர தகப்பனைப் பெத்தவர் வெளுக்கிற குடும்பத்தில பிறந்தவர். இது தெரியாமல் நீங்கள் பெண் குடுக்கக் கூடாது," என்றேன்.

பொன்னையா பதறவில்லை. கோப்பியை ஆற்றிக் குடித்தார். "அது எனக்கு முதலே தெரியும். ஊருக்கு எழுதி விசாரிச்சனான். பொடியன் கெட்டிக்காரன், கவர்மெண்ட் உத்தியோகம், எனக்கு ஒரு குறையும் இல்லை. அதாலதான் உங்கட ஐயாவின்ர பேரைக் கார்டில போடுவம் எண்டு சொன்னனான். அம்பலவாணர் பேரன் எண்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். நீங்களும் இதை வெளியில கதைக்க வேண்டாம்," என்றார்.

ஆக, மகனே, தமிழனுக்கு எதற்கு வெள்ளைக்காரன் பெயர் என்பதெல்லாம் உனக்குச் சொன்ன காரணம். அவர் கெட்டவர் இல்லை. தம் மகளைப் பற்றி ஊர் பேசக் கூடாது என்று நினைக்கிறார். எந்தத் தகப்பனும் நினைப்பான். ஆனால் என் தகப்பனார் தம் மருமகன் என்று ஒருநாளும் ஏற்காத மனிதர் உன் அப்பா. அவர் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் தகப்பனார் பெயரை அச்சடித்தால், என் வீட்டார் அன்று செய்ததை நீ இன்று முடித்துவைப்பாய். நான் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். நீ வளர்ந்தவன். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் ஆயிரம் பெயர் இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள். அதில் எனக்கு வருத்தம் வராது.

நான் புறப்பட்டபோது அவர் மகள் ஞானமணி வாசல் படலைவரை என்னோடு வந்தாள். உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியிருக்கவில்லை. "மாமி, அவர் என்னெண்டு எழுதியிருக்கிறார்?" என்றாள்.

"மாத்தலாமோ எண்டு கேட்டிருக்கிறான்."

"அவருக்கு இந்தக் கதை தெரியுமோ?"

"தெரியாது. இனித்தான் எழுதப்போறன்."

ரிக்ஷாக்காரன் எனக்காகக் காத்திருந்தான். "எழுதுங்கோ. எழுதிப்போட்டு நான் கேட்டதா இதையும் கேளுங்கோ," என்றாள். "அந்தப் பேர் அவருக்கே வேண்டாமெண்டா எனக்கும் வேண்டாம். ஆனா எங்கட அப்பாவுக்குப் பயந்து தன்ர அப்பாவை விடுற ஆள் எண்டா, நாளைக்கு ஆருக்குப் பயந்து என்னை விடுவாரோ தெரியாது. அதை மட்டும் எனக்கு ஒருக்கால் சொல்லச் சொல்லுங்கோ."

அவள் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். பொன்னையா வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறார். நீ பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

உன் அம்மா